செமி, துஹோ, கோஹோபா: தைனோ சடங்குப் பொருள்களுக்கு ஓர் அறிமுகம்

தலையில் வட்டத் தட்டு ஏந்திய கறுத்த மர உருவம் ஒன்றை ஏதாவது அருங்காட்சியகப் படத்தில் பார்த்தால், முதலில் அந்தத் தட்டைக் கவனியுங்கள். முகம்தான் கண்ணை இழுக்கும்: ஆழமான கண்குழி, இளித்த பல்வரிசை, துருத்திக்கொண்டு நிற்கும் விலா எலும்பு. ஆனால் வேலை நடப்பது தட்டில். அதில் கோஹோபா என்ற பொடியை வைப்பார்கள். அந்தப் பொடியை இரட்டைக் குழலால் மூக்கில் இழுப்பார்கள். இழுப்பவர் துஹோ என்ற குட்டையான மர மணையில் உட்கார்ந்திருப்பார். அதற்கு முன்பே தொண்டைக்குள் ஒரு மெல்லிய எலும்புத் தகட்டை விட்டு வாந்தி எடுத்து வயிற்றைக் காலி செய்திருப்பார். தட்டு, குழல், மணை, வாந்தித் தகடு நான்கும் ஒரே சடங்கின் உறுப்புகள். இன்று ஒன்று நியூயார்க்கிலும் ஒன்று லண்டனிலும் ஒன்று சாந்தோ தொமிங்கோவிலுமாகத் தனித்தனிக் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் விசித்திரமான கலைப்பொருள். பயன்பட்ட வரிசையில் சேர்த்து வைத்தால்தான் எது எதற்கென்று விளங்கும். இந்தக் கட்டுரை அவற்றைச் சேர்த்து வைக்கிறது.

யாருடைய பொருள்கள் இவை

தைனோ என்பது கரீபியக் கடலின் பெரிய தீவுகளில் வாழ்ந்த மக்களுக்கு இன்று வழங்கும் பெயர். இன்றைய ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும் பங்கிட்டுக்கொண்டுள்ள ஹிஸ்பானியோலா, புவர்ட்டோ ரிக்கோ, கியூபா, ஜமைக்கா, பஹாமாஸ் ஆகியவை அவர்களுடைய நிலம். 1492 அக்டோபரில் கொலம்பஸ் கரை இறங்கியபோது எதிர்கொண்டவர்கள் இவர்கள்தான். பேசியது அரவாக் குடும்பத்து மொழி. அந்த மொழியின் சொற்கள் உலகம் முழுக்கப் பரவிவிட்டன: ஹரிகேன், பார்பிக்யூ எல்லாம் அங்கிருந்து வந்தவை. நம் கொய்யாவும் போர்த்துகீசியர் வாய்வழியாக வந்த அரவாக் சொல்தான்.

ஊர்த்தலைவருக்குக் கசிக்கே என்று பெயர். நோய் தீர்ப்பவர், ஆவிகளோடு பேசுபவர் பெஹிக்கே. கசிக்கேயும் பொடி இழுத்து ஆவிகளிடம் பேசுவார், பெஹிக்கேயும் இழுப்பார். இரண்டு பதவிகளும் தனித்தனி என்றாலும் கருவிகள் பெரும்பாலும் ஒன்றே. பிரதான உணவு மரவள்ளிக்கிழங்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

நமக்குத் தெரிந்தது எப்படித் தெரியும்

தைனோக்கள் எழுத்து வைத்துக்கொள்ளவில்லை. எனவே சடங்கைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது: மிஞ்சிய பொருள்கள், ஸ்பானியர் எழுதிவைத்தவை. எழுதியவர்களில் முக்கியமானவர் ரமோன் பானே என்ற துறவி. கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் ஹிஸ்பானியோலாவுக்கு வந்தவர். கொலம்பஸ் கேட்டுக்கொண்டதால் அந்த மக்களோடு வாழ்ந்து, மொழி கற்று, 1498 வாக்கில் சிறிய அறிக்கை ஒன்றை எழுதி முடித்தார். அதன் ஸ்பானிய மூலம் தொலைந்துவிட்டது. கொலம்பஸின் மகன் எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்குள் அது செருகப்பட்டிருந்தது. அந்த நூலின் இத்தாலிய மொழிபெயர்ப்பு 1571இல் வெனிஸில் அச்சானது. நம் கையில் இருப்பது அதுதான்.

கற்றுக்கொள்ள வருபவர்கள் முதலில் தடுமாறும் இடமும் இதுதான். தைனோ ஒலியை ஸ்பானியக் காது கேட்டு, இத்தாலியக் கை எழுதியதால் ஒரே சொல்லுக்கு நான்கைந்து எழுத்துக்கூட்டல் உண்டு. ஆவிக்கும் அது குடியிருக்கும் பொருளுக்கும் பெயரான செமி என்பதே பல நூல்களில் ஸெமி, ஸெமீ என்று வரும். துஹோ சில இடங்களில் துச்சி. வேறு வேறு பொருள்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

1502 முதல் அந்தத் தீவில் இருந்த, பின்னாளில் துறவியான பர்த்தலோமே தெ லாஸ் காஸஸ் என்பவரும் தான் கண்ட கோஹோபாச் சடங்கை எழுதியிருக்கிறார். கருவிகளின் வடிவத்தை இவ்வளவு கவனமாக வேறு யாரும் விவரிக்கவில்லை. இருவருமே கிறித்தவ மதத்தவர். உள்ளூர் வழிபாட்டைத் தவறு என்று நம்பியவர்கள். அவர்கள் சொல்லும் வடிவத்தையும் வரிசையையும் நம்பலாம், அர்த்தம் சொல்லும்போது மட்டும் ஒரு அடி தள்ளி நிற்க வேண்டும்.

செமி: பொருளா, ஆவியா

இரண்டும். மழை தரும் ஆற்றலும் செமி. அந்த ஆற்றல் குடியிருக்கும் கல், மரம், எலும்பு, பஞ்சுப் பொதியும் செமி. இறந்த முன்னோரும் செமி ஆகலாம். ‘சிலை’ என்று சொன்னதும் எங்கோ இருக்கும் ஒருவரின் சாயலை இங்கே செய்து வைத்திருப்பதாக மனம் நினைத்துக்கொள்கிறது. செமி அப்படியல்ல. அதற்குப் பெயர் உண்டு, குணம் உண்டு, வம்சக் கதை உண்டு, கோபம் வரும். ஒரு கசிக்கேயிடம் இருக்கும் செமியை இன்னொருவர் திருடிக்கொண்டு போவதும் உண்டு, நல்ல செமி வைத்திருந்தால் மதிப்பு கூடும் என்பதால்.

பானே தனித்தனிச் செமிகளின் கதைகளைத் தருகிறார். ஓப்பியெல்குவாபிரான் என்ற செமிக்கு நாயைப் போல நான்கு கால், மரத்தால் ஆனது, இரவானால் எழுந்து காட்டுக்குப் போய்விடும். தேடிப்போய்க் கயிற்றால் கட்டிக் கொண்டுவருவார்கள். மறுபடி போய்விடும். பைப்ராமா என்ற செமி ஒரு போரில் எரிந்துவிட்டது. மரவள்ளிச் சாற்றால் கழுவியதும் அதற்குக் கையும் கண்ணும் மறுபடி வளர்ந்தன. குவாபன்செக்ஸ் கல்லால் ஆன பெண் செமி. அவள் சினந்தால் காற்றும் வெள்ளமும் வீடுகளைப் பெயர்த்துவிடும்.

ஒரு மரம் செமியாவது எப்படி

இதில் உள்ள முறை நுட்பமானது. பானே அதைப் படிப்படியாகவே எழுதியிருக்கிறார். காட்டு வழியில் போகும் ஒருவர் ஒரு மரத்தின் வேர் அசைவதைப் பார்க்கிறார். பயந்து நின்று, நீ யார் என்று கேட்கிறார். மரம் அவருக்கு நேரே விடை சொல்வதில்லை: பெஹிக்கேயைக் கூப்பிடு, நான் யாரென்று அவர் சொல்வார் என்கிறது. பெஹிக்கே வருகிறார். மரத்தின் அருகில் உட்கார்ந்து கோஹோபா இழுக்கிறார். பிறகு எழுந்து நின்று, பெரிய தலைவரிடம் பேசுவது போல அந்த மரத்தின் பட்டங்களை எல்லாம் சொல்லி விளிக்கிறார். அதன் பின்தான் கேள்விகள்: நீ யார், இங்கே என்ன செய்கிறாய், என்னை ஏன் அழைத்தாய், உன்னை வெட்டவா, என்னோடு வருகிறாயா, எப்படித் தூக்கிப்போக வேண்டும். உனக்கு வீடு கட்டித் தருகிறேன், நிலம் ஒதுக்குகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். மரம் தன் வடிவத்தைச் சொல்கிறது. சொன்னபடி வெட்டிச் செதுக்குகிறார்கள். பிறகு ஆண்டுக்குப் பல முறை அந்தச் செமிக்குக் கோஹோபாச் சடங்கு செய்ய வேண்டும்.

இங்கே வடிவத்தைத் தீர்மானிப்பவர் செதுக்குபவர் அல்லர், மரம். தைனோ மர உருவங்கள் ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் இருப்பதற்கு இதையே ஒரு காரணமாக நான் எடுத்துக்கொள்வேன். கூடவே கடனும் உண்டாகிறது: வீடு, நிலம், சடங்கு என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. பின்னால் நோய் வந்தால், ‘உன் செமிக்குச் சொன்னதைச் செய்யவில்லை’ என்பதுதான் பெஹிக்கே முதலில் சொல்லும் காரணம்.

மரமும் கருவியும்

மிஞ்சியிருக்கும் உயர்தரச் செதுக்கல்களில் பெரும்பாலானவை குவாயகன் என்ற மரம். உலகிலேயே மிகக் கடினமான, மிகக் கனமான மரங்களில் ஒன்று. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். உள்ளே பிசின் நிறைந்திருப்பதால் பூச்சி எளிதில் தொடாது. தேய்க்கத் தேய்க்கத் தானே எண்ணெய் பூசியது போல மின்னும். பிற்காலத்தில் கப்பல் சுழலித் தண்டுகளுக்குத் தாங்கியாக இந்த மரத்தையே பயன்படுத்தினார்கள், தனக்குத் தானே மசகு போட்டுக்கொள்ளும் என்பதால். புதிதாக வெட்டும்போது பச்சை கலந்த பழுப்பு; நாள்பட்டால் கறுக்கும். சடங்குத் தட்டு கருமணிக்கல் போலக் கறுத்து மின்னியது, தங்கத்திலோ வெள்ளியிலோ செய்திருந்தாலும் இவ்வளவு அழகாக இருந்திருக்காது என்று லாஸ் காஸஸ் வியந்தது இந்த மெருகைப் பார்த்துத்தான்.

இவ்வளவு கடினமான மரத்தைச் செதுக்கியவர்களிடம் இரும்பு இல்லை. இருந்தவை கல் கோடரி, சங்கு ஓட்டில் செய்த உளி, நெருப்பு, மணல். பூவிதழ் வடிவில் இழைத்த கல் கோடரிகள் அந்தத் தீவுகளில் ஏராளமாகக் கிடைக்கின்றன. நெருப்பால் கருக்கி, கருகியதைச் சுரண்டி எடுத்து, மறுபடி கருக்குவது அகலமான குழிவுக்கு ஏற்றது. ஓடங்களை அப்படித்தான் குடைந்தார்கள். நுண்ணிய கோடுகளுக்குக் கூரான கல் துணுக்கும் ஓடும். கடைசியில் மணலால் தேய்ப்பு. ஒரு முழங்கால் உயர உருவத்துக்கு எத்தனை மாத உழைப்பு போயிருக்கும் என்று நினைத்தால், அதைச் செய்வித்தவருக்கு எவ்வளவு ஆட்படை இருந்திருக்க வேண்டும் என்பதும் புரியும்.

செதுக்கி முடித்த பின் பதிப்பு வேலை. கண்குழியிலும் வாயிலும் சங்குத் துண்டு, எலும்பு, மெல்லிய தங்கத் தகடு ஆகியவற்றைப் பிசின் வைத்து ஒட்டுவார்கள். பற்கள் பெரும்பாலும் ஒரே சங்குத் தகடு. அதில் குறுக்குக் கோடு கீறிப் பல்வரிசை ஆக்கியிருப்பார்கள். பல உருவங்களில் பிசின் காய்ந்து பதிப்பு விழுந்துவிட்டது. இன்று நம்மைத் திகைக்க வைக்கும் வெறும் கண்குழி, அன்று பளிச்சென்று மின்னிய கண். இருட்டான வீட்டுக்குள் தீ வெளிச்சத்தில் கறுத்த முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் மின்னுவதை மனதில் கொண்டுவந்துதான் இவற்றைப் பார்க்க வேண்டும்.

சடங்கின் வரிசையில் கருவிகள்

முதலில் நோன்பு. பெஹிக்கேகள் நீண்ட காலம் சாறு மட்டும் குடித்துக் கிடப்பார்கள் என்று ஸ்பானியர் எழுதியிருக்கிறார்கள். உருவங்களில் விலா எலும்பும் முதுகெலும்பும் எண்ணிவிடலாம் போலத் தெரிவதற்கு இந்த நோன்பு ஒரு விளக்கம். இறந்தவர்களின் உடல் என்பது இன்னொன்று. என் கணிப்பில் இரண்டும் வேறு வேறு அல்ல: செத்தவரோடு பேசப் போகிறவர் பாதி செத்தவராகித்தான் போகிறார்.

அடுத்தது வாந்தித் தகடு. நீளமாக, இலேசாக வளைந்து, முனை மழுங்கி, மெருகேறி இருக்கும். கடற்பசு இனமான மானட்டீயின் விலா எலும்பு இதற்கு மிகவும் ஏற்றது: அடர்த்தியானது, இயல்பிலேயே வளைவு உள்ளது, சிலும்பாது. மரத்திலும் செய்தார்கள். நாக்கு வழிப்பானைவிட நீளம், தொண்டை வரை போக வேண்டுமே. கைப்பிடியில் சிறிய உருவம் செதுக்கியிருக்கும். அருங்காட்சியக அட்டைகளில் ‘கரண்டி’ என்று எழுதியிருந்தால் ஏமாற வேண்டாம். சோறு அள்ளும் குழிவு இதில் இருக்காது. செமியின் முன் தூய வயிற்றோடு போக வேண்டும் என்பது சடங்குக் காரணம். வெறும் வயிற்றில் இழுத்தால் பின்னால் வரும் குமட்டலில் மூச்சுக்குழலில் உணவு ஏறும் ஆபத்தும் குறைவு.

மூன்றாவது, துஹோ என்ற மணை. ஒரே மரத்துண்டில் குடைந்தது. ஒட்டோ ஆணியோ கிடையாது. நான்கு குட்டைக் கால், முன்பக்கம் ஒரு தலை, உட்காரும் பகுதியில் மெல்லிய குழிவு. இரண்டு வகை உண்டு: முதுகு இல்லாதது, வால் நீண்டு மேலே வளைந்து சாய்மானமாக ஆனது. 1492 நவம்பரில் கியூபாவின் உட்பகுதிக்குக் கொலம்பஸ் அனுப்பிய இரண்டு பேரை ஊர்க்காரர்கள் இப்படிப்பட்ட இருக்கையில்தான் உட்காரவைத்தார்கள். குட்டைக் கால் விலங்கு வடிவம், சாயும்படி உயர்ந்த வால், தலையில் தங்கக் கண்ணும் காதும் என்று அதற்கு வருணனை இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள புகழ்பெற்ற துஹோ சுமார் 22 சென்டிமீட்டர் உயரம், 44 சென்டிமீட்டர் நீளம். நாலு காலில் நிற்கும் ஆண் உருவம், பல்லை இளிக்கிறது, கண்ணில் தங்கம். அதன் மேல் உட்கார்ந்தவர் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், முழங்கால் மார்பளவுக்கு ஏற, குந்தியபடிதான் இருக்க முடியும். சொகுசுக்கான இருக்கை இல்லை இது.

துஹோவை வைத்தே ஒருவரின் தகுதியை அளந்தார்கள். ஹரகுவா நாட்டின் அனகவோனா என்ற பெண் தலைவர், கொலம்பஸின் தம்பிக்கு அளித்த பரிசுகளில் இப்படிப்பட்ட 14 மர இருக்கைகள் இருந்தன. 1503இல் ஸ்பானியர் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

நான்காவது, தட்டும் குழலும். தட்டு முற்றிலும் தட்டையானது அல்ல, நடுவில் இலேசான குழிவு உண்டு. பொடி சிதறாமல் இருக்க அது வேண்டும். தனித் தட்டாகவும் இருக்கும், உருவத்தின் தலைமேலோ முதுகிலோ செதுக்கியதாகவும் இருக்கும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அப்படிப்பட்ட உருவம் ஏறக்குறைய 68 சென்டிமீட்டர் உயரம், கி.பி. 1000ஐ ஒட்டியது. குட்டை மணையில் உட்கார்ந்தவரின் முகத்துக்கு நேரே தட்டு வரும் உயரம் அது. மணையின் அளவையும் தட்டின் அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் பொருத்தம் கண்ணில் படும்.

குழலை லாஸ் காஸஸ் இப்படி விவரிக்கிறார்: சிறிய புல்லாங்குழல் அளவு, உள்ளே முழுக்கத் துளை, மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்குப் பின் விரித்த இரண்டு விரல் போல இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த இரண்டு முனையும் மூக்குத் துவாரங்களில். ஒற்றை முனை தட்டின் பொடியில். தமிழ் எழுத்து எதையும் உதாரணம் காட்ட முடியவில்லை. கவண் கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். செதுக்குபவர்கள் இந்தக் கவட்டையைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. எலும்பில் செய்த சில குழல்களில் ஒரு மனிதன் உடலை வளைத்துக் காலைத் தூக்கியிருப்பான். தூக்கிய கால்கள் இரண்டும் மூக்குக்குள் போகும் குழாய்கள். இப்படிப்பட்ட பொருளைப் பெட்டியில் கிடத்தி வைத்தால் வெறும் கழைக்கூத்தாடி பொம்மைதான்.

ஐந்தாவது, ஒலி. ஒரே மரத்துண்டைக் குடைந்து, உள்ளே உருளும் குண்டையும் அதே துண்டிலிருந்து செதுக்கி விட்ட கிலுகிலுப்பைகள் உண்டு. குண்டு துவாரம் வழியே வெளியே வராது. உள்ளேயே வைத்துச் செதுக்கியது. நீண்ட கழுத்துச் சுரைக்காய் போன்ற மர முழவு ஒன்றைப் பானே குறிப்பிடுகிறார். அதன் ஒலி ஒன்றரை லீக் தூரம் கேட்குமாம். அதாவது பல கிலோமீட்டர்.

சடங்கு நடக்கும் விதம்: கசிக்கே முதலில் இழுப்பார், அதுவரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. இழுத்ததும் தலையைச் சாய்த்து, கைகளை முழங்காலில் வைத்துச் சற்று நேரம் இருப்பார். பிறகு முகத்தை வானத்தை நோக்கித் தூக்கிப் பேசுவார். கூடியிருப்பவர்கள் பதில் முழக்கம் எழுப்புவார்கள். கடைசியில் தான் கண்டதைச் சொல்வார்: விளைச்சல், நோய், போர். மற்றவர்களும் இழுத்த பின் கேட்கும் பேச்சு அரபியர் போலவோ ஜெர்மானியர் போலவோ குழறலாக இருந்தது என்கிறார் லாஸ் காஸஸ். அந்தத் துறவிக்குத் தெரியாத மொழிகளின் பட்டியல் நமக்கு இப்படித்தான் தெரியவருகிறது.

அந்தப் பொடி புகையிலை அல்ல

இது பழைய நூல்களில் திரும்பத் திரும்ப வரும் பிழை. மூக்குப்பொடி என்றால் புகையிலைதான் என்ற பழக்கத்தில், கோஹோபாவையும் புகையிலை என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 1916இல் வில்லியம் சாஃபோர்ட் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், அது அனடெனான்திரா பெரெக்ரினா என்று இன்று நாம் அழைக்கும் மரத்தின் விதை என்று காட்டினார். தொட்டாற்சிணுங்கி போன்ற இலை, தட்டையான நீள நெற்று, பளபளக்கும் வட்ட விதை. தென் அமெரிக்காவின் ஓரினோகோ ஆற்றுப் பகுதியில் இதே விதையின் பொடிக்கு யோப்போ என்று பெயர். விதையில் இருக்கும் முக்கியப் பொருள் பூஃபோடெனின். அதுதான் காட்சிகளை உண்டாக்குவது. வாந்தியும் இரத்த அழுத்தமும் சேர்ந்து வரும், விளையாட்டுப் பொருள் அல்ல.

பொடி இழுத்தவர்களுக்கு வீடு தலைகீழாகச் சுழல்வது போலவும் மனிதர்கள் தலையால் நடப்பது போலவும் தெரியும் என்று அந்தக் காலத்து எழுத்தாளர் பீட்டர் மார்ட்டர் குறித்திருக்கிறார். தைனோப் பொருள்கள் பலவற்றைத் தலைகீழாகத் திருப்பினால் இன்னொரு முகம் தெரியும். அருங்காட்சியகப் படத்தைக் கணினியில் திறந்தால் ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிடுங்கள். இதைச் செய்யாததால் பாதி உருவத்தைத் தவறவிட்டவர்கள் அதிகம்.

கண்ணிலிருந்து கன்னத்தில் இறங்கும் பள்ளக் கோடுகளும் இப்படித்தான். ஜமைக்காவில் 1792இல் ஒரு மலைக் குகையில் மூன்று மர உருவங்கள் கிடைத்தன. 1799இல் லண்டன் பழம்பொருள் ஆய்வாளர் சங்கத்தில் காட்டப்பட்டு, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சுமார் 104 சென்டிமீட்டர் உயர ஆண் உருவம்; கன்னத்தில் ஆழமான கண்ணீர்க் கால்வாய். மழை தரும் போயினயெல் என்ற செமி இதுவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பொடி இழுத்தவரின் கண்ணீரும் மூக்குநீரும் ஒரு பக்கம், மழை ஒரு பக்கம். இரண்டையும் ஒரே கோட்டில் செதுக்கிவிட்டார்கள்.

வாய்க்குள் வைத்த கல்

நோயாளிக்கு விதித்த பத்தியத்தைப் பெஹிக்கேயும் அனுசரிக்க வேண்டும், அவரும் வயிற்றைக் கழிக்க வேண்டும், முகத்தில் கரி பூசிக்கொள்ள வேண்டும். வாய்க்குள் சிறு எலும்போ கல்லோ இறைச்சித் துண்டோ ஒளித்துக்கொண்டு போவார். நோயாளியின் உடலைத் தடவி, உறிஞ்சி, வாசலுக்குப் போய் நோயை மலையை நோக்கியோ கடலை நோக்கியோ ஊதித் துரத்துவார். பிறகு வாயில் இருந்ததை எடுத்துக் காட்டி, இதுதான் உன்னுள் இருந்தது என்பார். வந்தது கல்லாக இருந்தால் தூக்கி எறிய மாட்டார்கள். பிரசவத்துக்கு உதவும் என்று பஞ்சில் சுற்றி, சிறு கூடையில் வைத்து, அதற்குச் சாப்பாடும் வைப்பார்கள். நோயாளி இறந்து, பெஹிக்கே பத்தியம் தவறியதுதான் காரணம் என்று உறவினர் நம்பினால், அவரைப் பிடித்துக் கைகால் முறிய அடித்த கதைகளும் பானேயின் ஏட்டில் உண்டு. அபாயமான தொழில்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு செய்தி. பேசும் செமி ஒன்றை ஸ்பானியர் உதைத்துத் தள்ளியபோது, அதிலிருந்து ஒரு குழாய் இருட்டு மூலைக்குப் போயிற்றாம். அங்கே இலைதழைக்குள் ஒரு ஆள் ஒளிந்து பேசிக்கொண்டிருந்தானாம். மக்களிடம் சொல்லிவிடாதீர்கள், இதை வைத்துத்தான் அவர்களைப் பணியவைக்கிறோம் என்று கசிக்கே கெஞ்சினார் என்று கொலம்பஸின் தரப்பில் பதிவு இருக்கிறது. அவர்கள் சொல்ல விரும்பிய கதை அது என்பதையும் மறக்க வேண்டாம்.

முக்கோணக் கல்

மரத்தைவிட அதிகமாக மிஞ்சியவை கற்கள். அவற்றில் தைனோவின் அடையாளமாகவே ஆகிவிட்டது மும்முனைக் கல். புவர்ட்டோ ரிக்கோவிலும் ஹிஸ்பானியோலாவிலும் மிகுதி. ஒரு முனையில் முகம், எதிர் முனையில் மடக்கிய கால், நடுவில் மேலே எழும் கூம்பு. அடிப்பகுதி சற்றுக் குழிந்திருக்கும். உள்ளங்கையில் அடங்குவதும் உண்டு, இரண்டு கையால் தூக்க வேண்டியதும் உண்டு. செதுக்கல் இல்லாத சின்னக் கற்கள் தைனோ காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. மரவள்ளியின் தலைவரான யூக்காஹுவோடு இவற்றைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். கூம்பு மண்ணைத் துளைத்து வரும் முளையாகவும் இருக்கலாம், மலையாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு கசிக்கேயிடமும் மூன்று கற்கள் உண்டு என்று கொலம்பஸ் குறித்தார்: ஒன்று பயிருக்கு, ஒன்று வலியில்லாத பிரசவத்துக்கு, ஒன்று மழைக்கும் வெயிலுக்கும். பயிர்க் கல்லை மரவள்ளி மேட்டுப் பாத்தியில் புதைத்து வைத்ததாகக் கருதுகிறார்கள்.

இந்தப் பழக்கத்தைத் தெரிந்துகொண்டு பானே சொல்லும் ஒரு நிகழ்ச்சியைப் படித்தால் நெஞ்சு கனக்கும். குவாரியோனெக்ஸ் என்ற கசிக்கேயின் ஆட்கள், துறவிகள் விட்டுச்சென்ற கிறித்தவப் படங்களை எடுத்துப் போய் ஒரு விளைநிலத்தில் புதைத்தார்கள். மேலே சிறுநீர் கழித்து, இனி உன் விளைச்சல் நன்றாகப் பெருகும் என்றார்கள். கொலம்பஸின் தம்பி பர்த்தலோமே இதைத் தெய்வ நிந்தனை என்று முடிவு கட்டி, செய்தவர்களை ஊரறிய உயிரோடு எரித்தார். படத்தைப் புதைத்தவர்கள் புதிய செமியை வயலில் நட்டு உரமிட்டிருக்கிறார்கள் என்றுதான் இன்று பல ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். எனக்கும் வேறு விதமாக வாசிக்கத் தோன்றவில்லை. அவர்கள் சொன்ன வாக்கியமே விளைச்சலைப் பற்றியதுதான்.

காலக் கணிப்பில் எங்கே தவறும்

முன்பெல்லாம் அழகான மரச் செதுக்கல் என்றால் 1200க்கும் 1500க்கும் இடைப்பட்டது என்று ஒரு வாய்ப்பாடு. கதிரியக்கக் கார்பன் சோதனை வந்த பின் சில துண்டுகள் அதற்கு வெகு முன்னால் போய்விட்டன. ஆனால் சோதனைக்கும் ஒரு பொறி உண்டு. குவாயகன் மிக மெதுவாக வளரும் மரம். நடு வைரத்திலிருந்து துணுக்கு எடுத்தால் அந்த வளையம் உருவான ஆண்டு கிடைக்குமே தவிர, மரத்தை வெட்டிய ஆண்டு கிடைக்காது. இடைவெளி நூற்றாண்டுக் கணக்கில் இருக்கலாம். எனவே மரத்தின் வெளி விளிம்பிலிருந்து எடுக்க வேண்டும். செதுக்கும்போது வெளிப்பகுதி போய்விட்டிருந்தால், பதிப்பை ஒட்டிய பிசினைத் தனியே சோதிப்பது இன்னொரு வழி. பிசினும் மரமும் வேறு வேறு காலம் காட்டினால், பழைய செமிக்குப் பின்னால் யாரோ புதுக் கண் வைத்திருக்கிறார்கள் என்றும் பொருள் கொள்ளலாம்.

போலிகளும் நிறைய. மும்முனைக் கல்லும் சிறு எலும்புருவங்களும் சுற்றுலாக் கடைகளுக்காகப் பல பத்தாண்டுகளாகச் செய்யப்படுகின்றன. கோட்டின் அடிப்பகுதி ஒரே ஆழத்தில், ஒரே அகலத்தில், கூராக இருந்தால் உலோகக் கருவியைச் சந்தேகியுங்கள். கல்லாலும் ஓட்டாலும் கீறிய கோடு இடத்துக்கு இடம் தடுமாறும்.

எப்படி மிஞ்சின

வெப்பமும் ஈரமும் உள்ள தீவுகளில் மரம் தங்காது. தங்கியவை உலர்ந்த குகைகளில் வைத்தவை, அல்லது காற்றே புகாத நீரில் மூழ்கியவை. டொமினிக்கன் குடியரசின் கிழக்கில் உள்ள லா அலேட்டா என்ற நீர்க்கிணறு போன்ற பள்ளத்தில் 1990களில் முக்குளித்தவர்கள் துஹோ, கூடை, சுரைக்குடுவை முதலியவற்றை எடுத்தார்கள். பஞ்சுச் செமி அதைவிட அரிது. இத்தாலியின் தூரின் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது: சுமார் 75 சென்டிமீட்டர் உயரம், நெய்த பஞ்சு உடல், முகத்துக்கு உள்ளே உண்மையான மனித மண்டையோடு. முன்னோரே செமியானதை இவ்வளவு நேராகக் காட்டும் பொருள் வேறு இல்லை. ரோமில் உள்ள, மணிகள் கோத்துச் செய்த செமியில் ஆப்பிரிக்கக் காண்டாமிருகக் கொம்பும் ஐரோப்பியக் கண்ணாடியும் இருக்கின்றன. கொலம்பஸுக்குப் பின் செய்தது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். புதிய பொருள் கைக்கு வந்தபோதும் செமி செய்வதை அவர்கள் நிறுத்தவில்லை.

காட்டுக்கு ஓடிப்போகும் அந்த நாய்க்கால் செமியைச் சொன்னேன். கிறித்தவர்கள் தீவுக்கு வந்தபோது அது கட்டறுத்துக்கொண்டு ஒரு நீர்நிலைக்குள் போய்விட்டது என்று பானேயிடம் சொன்னார்கள். தடம் பிடித்துக் கரை வரை போயிருக்கிறார்கள். அதன் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.